யதுர்ஷன் கட்டிய மெட்டு

பரந்தன் சந்தியில் ஆட்டோ பிடித்து வந்த அருந்ததி, கதிரையில் உட்காரும் முன்பே கைபேசியை நீட்டினார்.

“ரீச்சர், இதை வாசிக்கிறது என்ர பிள்ளைதானோ எண்டு சொல்லுங்கோ.”

இராசேஸ்வரி மேலைத்தேய சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஊரில் எது களவுபோனாலும் பொலிசுக்கு முன்னர் அவரிடம் வருவது எப்படியோ வழக்கமாகிவிட்டது. அவருடைய கணவர் குகதாசனுக்கோ வழக்கு என்று காதில் விழுந்தால் போதும், தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார். அன்றும் வந்தார்.

அருந்ததியின் மகன் யதுர்ஷன் 2009 இறுதிச் சண்டையில் மாத்தளனில் காணாமல் போனவன். இப்போது தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு பதிவு வந்திருந்தது. அதில் பேச்சில்லை. கீபோர்ட்டில் ஒரு மெட்டு மட்டும்.

“அவனே கட்டின மெட்டு. எங்கட வீட்டாக்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் அருந்ததி. “எனக்கு நெஞ்சில ஒப்பரேசன் செய்யவேணுமாம். அவன் இல்லாத உயிர் எனக்கு என்னத்துக்கு எண்டு மாட்டன் எண்டு நிண்டனான். அவன் இருக்கிறான் எண்டா வெட்டட்டும். இல்லையெண்டா வேண்டாம், ரீச்சர்.”

இராசேஸ்வரி பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அருந்ததி வாசலுக்குப் போனபின் கணவரிடம் மெல்லச் சொன்னார்.

“இது ஜி மேஜர் சுரவரிசை. எழுதினா, தொடக்கத்தில எஃப் இடத்தில அரைச்சுரம் கூட்டச் சொல்லி ஒரு ஷார்ப் அடையாளம் வரும். அது மெட்டு முழுக்கச் செல்லும். எஃப் கீழ வந்தாலும் மேல வந்தாலும் வெள்ளைக் கட்டையை விட்டுப்போட்டுப் பக்கத்துக் கறுப்பைத்தான் அமத்தவேணும்.”

“இதில அப்பிடி இல்லையோ?”

“கீழயும் நடுவிலயும் சரி. மெட்டு மேல ஏறினால் மட்டும் வெள்ளைக் கட்டை கேக்குது. ரெண்டாம் தரமும் அதே இடத்திலதான்.”

“இவ்வளவு வருசம் வாசிக்காட்டி மறக்காதே?” குகதாசன் விடவில்லை. யதுர்ஷன் உயிரோடு இருப்பதாக அவர் மனதுக்குள் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“மறதியெண்டா கீழயும் பிழைக்கும். அவையின்ர வீட்டுக் கீபோர்ட்டை ஒருக்காப் பாப்பம்.”

சண்டைக் காலத்தில் ஷெல் விழாத செட்டிகுளத்தில் மாமி வீட்டில் இருந்ததால் அந்தக் கீபோர்ட் தப்பியிருந்தது. அவர்கள் அருந்ததியோடு வீட்டுக்குப் போனபோது மகள் தேனுகா, ஆடைத் தொழிற்சாலைச் சீருடையோடே அதன் துணியை எடுத்துவிட்டாள்.

“அண்ணா எனக்குப் பழக்கினது. அப்ப நான் சின்னப்பிள்ளை, ஒண்டும் விளங்காது. எந்தக் கறுப்பை அமத்திறது எண்டு பொட்டு ஒட்டிவிட்டவர்.”

கீழ் எஃப்புக்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டையில் சிவப்பு ஒட்டுப்பொட்டு இருந்தது. நடுவிலும் இருந்தது. மேல் கட்டையில் பொட்டு இல்லை, பசை காய்ந்த வட்டம் மட்டும் தெரிந்தது. இராசேஸ்வரி அதைப் பார்த்தபடியே நின்றார்.

குகதாசனுக்கும் விளங்கிவிட்டது. மனைவியை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். “அவன்தான் எண்டு சொல்லிவிடும். ஒரு பொய்தானே? மனிசி பிழைச்சிடும்.”

“பிழைச்சு எழும்பினவுடன அவன் எங்க எண்டு கேப்பா. அப்ப ஆர் பதில் சொல்லுறது?”

இராசேஸ்வரி உள்ளே வந்து அருந்ததிக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அக்கா, மெட்டுக் கட்டினவன் அதைக் காதில வச்சிருப்பான். மேல போனாலும் அவனுக்கு எஃப் பிழைக்காது. இதை வாசிச்ச ஆள் காதை நம்பேல்லை, பொட்டைப் பாத்து வாசிச்சிருக்கு. பொட்டு இருக்கிற ரெண்டு இடத்திலயும் சரி. பொட்டு விழுந்த இடத்தில பிழை. இந்தக் கீபோர்ட்டிலதான் வாசிச்சது, அக்கா. வாசிச்சது உங்கட மகன் இல்லை.”

அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. கண்டுபிடித்ததில் அவருக்குக் கொஞ்சமும் பெருமையில்லை. நெஞ்சு முழுக்கத் துக்கம்தான் இருந்தது.

அருந்ததி மெதுவாக மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்தான் அம்மா,” என்றாள் தேனுகா. “கூட வேலை செய்யிற பிள்ளையின்ர போனில இருந்து அனுப்பினனான்.”

“ஏனடி இப்பிடிச் செய்தனி? அவனை எனக்குத் திருப்பித் தந்துபோட்டு, திரும்பவும் பறிக்கிறியே!”

“அண்ணா இருந்தாத்தான் நீங்கள் இருப்பன் எண்டியள். நான் என்ன செய்ய?” என்றாள் தேனுகா. “நான் இருக்கிறது போதாதோ அம்மா?”

குகதாசன் தலையைக் குனிந்துகொண்டார். அருந்ததி முதலில் மகனுக்காகத்தான் அழுதார். வாய்விட்டு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். தேனுகா கிட்டப் போகப் பயந்து சுவரோடு நின்றாள். அழுகை அடங்கப் பொழுதாயிற்று. பிறகு அவர் கையை நீட்டி மகளைப் பக்கத்தில் இருத்தினார். அவளுடைய முகத்தை, கனகாலம் பாராத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரிக்கு எத்தினையாம் திகதி வரச் சொன்னவை, பிள்ளை?”