மூடும் முன் ஒரு படம்

புதுப் பலகை, பசை, இன்னும் சரியாகக் காயாத பெயிண்ட். இந்த மூன்று வாசனைகளுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருந்தது. அதைக் கவனித்த பிறகு, அந்த நிலவறையில் வேறு வாசனையே இல்லாததுபோல் ஆகிவிட்டது ஆஸ்மாவுக்கு. கோடாலித் தைலம்.

பிற்பகல் மூன்று மணி. மேலே பள்ளித் திடலில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். கீழே ஏசி காற்றும் வெள்ளை வெளிச்சமும் மட்டும். உடைந்த மேசைகள் குவிந்துகிடந்த இடத்தை ஆறே வாரத்தில் மாணவர் கூடமாக மாற்றியிருந்தாள் அவள். சக்கரம் வைத்த மேசைகள், தள்ளினால் மடங்கும் தடுப்புகள். எதையும் எங்கும் நகர்த்தலாம், பிள்ளைகள் ஏறி உட்காரப் படிப்படியாக அமைத்த அந்தப் பெரிய மர இருக்கையைத் தவிர. நான்கு மணிக்குப் பள்ளி முதல்வர் திறந்துவைக்கிறார். உள்ளலங்கார நிறுவனத்தில் அவள் தனியாகச் செய்த முதல் வேலை.

டொக்.

ஏசி குழாயாக இருக்கும் என்று நினைத்தாள். குழாய் எதிர்ச் சுவரில் ஓடியது. சத்தம் மர இருக்கைக்குள்ளிருந்து வந்தது.

இருக்கைக்குப் பின்னால், பயன்படாத பழைய படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து உண்டு. குனிந்து நுழைந்தால் வலப்பக்கம் வளையும். வாசலில் நின்றால் வளைவுக்கு அப்பால் தெரியாது. துப்புரவு வேலை செய்யும் பூவம்மா அங்கேதான் அட்டை விரித்துச் சாப்பிடுவார், காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அரை மணி நேரம் கண்ணயர்வார். பதினோரு வருஷமாக. ஆஸ்மா தன் வரைபடத்தில் அதற்கு ‘பயனற்ற இடம்’ என்று பெயர் எழுதியிருந்தாள். வேலை தொடங்கிய வாரம் அவரிடமே போய்ச் சொன்னாள்.

“ஆன்ட்டி, இனிமே இங்க உட்கார முடியாது. பிள்ளைங்களுக்கு இடம் பண்றோம்.”

“நான் எங்கம்மா போவேன்? கேன்டீன்ல உட்கார்ந்தா சூப்பர்வைசர் ஏசுறாரு. அவங்களுக்கு சோபாவே போடுறீங்க, எனக்கு ஓரமா ஒரு நாற்காலி போட்டா குறைஞ்சா போயிடும்?”

“கேட்டுப் பார்க்கிறேன் ஆன்ட்டி.”

அவள் யாரிடமும் கேட்கவில்லை.

எந்தப் பொந்தையும் அடைப்பதற்கு முன் உள்ளே போய்ப் பார்த்து, படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அதன் பிறகுதான் பலகையை அறையலாம். அது வடிவமைப்பாளரின் பொறுப்பு. சனிக்கிழமை மதியம் அவள் தேக்கா கடைத்தெருவில் அக்காவின் கல்யாணத்துக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தச்சு வேலையை மேற்பார்வை செய்யும் ரமீஸ் போனில் கேட்டான். “மேடம், உள்ள பார்த்துட்டீங்களா? மூடலாமா?”

“பார்த்துட்டேன். மூடுங்க.”

வியாழக்கிழமை எடுத்த படத்தை அனுப்பிவிட்டு அடுத்த சேலையைப் புரட்டினாள். இன்று புதன்.

டொக். டொக்.

கீழே போனுக்குச் சிக்னல் கிடைக்காது. மேலே ஓடிப்போய், துப்புரவு நிறுவனத்தின் திலீப்பை அழைத்தாள்.

“பூவம்மாவா? சனிக்கிழமையிலேர்ந்து ஆளைக் காணோம். ஈசூன் பக்கம் வீட்டுல தனியா இருக்காங்க, போனும் எடுக்கல. வயசானா அப்படித்தான் லா, சொல்லாமக் கொள்ளாம நின்னுடுவாங்க. வேற ஆள் போட்டாச்சு.”

திரும்பி வந்தபோது ரமீஸ் மர இருக்கையில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

“மூணு நாளாக் கேக்குது மேடம். நீங்க பார்த்துட்டேன்னு சொன்னதால பேசாம இருந்தேன்.”

“எலியா இருக்கும்.”

“எலி தட்டிட்டு, பதில் வருதான்னு காத்திருக்குமா?” அவன் குரலைத் தாழ்த்தினான். “ரெண்டு பலகைதான். பத்து நிமிஷத்துல கழட்டிடுவேன்.”

மணி மூன்று இருபது. திறந்து உள்ளே வெறும் அட்டை கிடந்தால், பிய்ந்த பலகையோடு திறப்பு விழா. உள்ளே ஆள் இருந்தால் அந்தப் படம். அதில் வியாழக்கிழமைத் தேதி. பக்கத்திலேயே அவள் பெயர்.

“நாலு மணி முடியட்டும் ரமீஸ்.”

முதல்வர் ரிப்பன் வெட்டினார். நாற்பது பிள்ளைகள் மர இருக்கையில் தாவி ஏறினார்கள். கைதட்டல் ஓய்ந்த இடைவெளியில் அது கேட்டது. டொக். டொக். டொக்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் வர்ஷா பலகையை மூன்று முறை தட்டினாள். உள்ளிருந்து மூன்று முறை வந்தது.

“டேய், இது ரிப்ளை பண்ணுது டா!”

பிள்ளைகள் சிரித்தார்கள். முதல்வரும் சிரித்தார். உள்ளே ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்களா, இதுவும் உங்கள் யோசனைதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாக் கண்களும் அவள்மேல். சுவரோரம் ரமீஸின் கண்களும்.

“ஆமா சார்,” என்றாள்.

நாற்பது பேரும் தட்டினார்கள். உள்ளங்கையால், முழங்கையால், காலணியால். உள்ளிருந்து வேகமாகத் தட்டல் வந்தது. மிக வேகமாக. பிறகு மூன்று. பிறகு இரண்டு. வெகுநேரம் கழித்து ஒன்று.

வர்ஷா மறுபடி தட்டினாள். காத்திருந்தாள். தட்டினாள்.

“ஸ்பாயில் ஆயிடுச்சு,” என்று உதட்டைப் பிதுக்கினாள்.

எல்லாரும் தேநீருக்கு மேலே போனார்கள். ரமீஸ் மட்டும் டிரில்லோடு வந்தான்.

“இப்ப?”

இனி அவசரமில்லை என்று தோன்றியது ஆஸ்மாவுக்கு. அது தன் எண்ணம்தான் என்று புரிந்தும் கைப்பையைத் தேடினாள்.

“நாளைக்கு.”

அவன் டிரில்லைத் தரையில் வைத்தான். படியேறிப் போய்விட்டான்.

அவள் கைப்பையை எடுத்தாள். பலகைக்குள் நகம் இழுபடும் சத்தம். மெல்ல. நீளமாக. அவள் ஓரடி நகர்ந்தாள். சத்தமும் நகர்ந்தது. பொந்தின் அகலம் ஆறடிதான். அந்த ஆறடியைத் தாண்டியும் அது கூடவே வந்தது. மர இருக்கையின் முனைவரை. முனையைவிட்டு இறங்கி, தரைக்குள்.

அடியில் கான்கிரீட். அதற்கும் அடியில் மண். வெற்றிடமே கிடையாது. அளந்தவள் அவள்.

கதவை நோக்கி ஓடினாள். கூடவே ஓடியது. நின்றாள். நின்றது.

குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறத் தரை கீழேயிருந்து வியர்த்தது. ஈரம் பரவியது. இரண்டு காலணிகளுக்கும் அடியில் இரண்டு உள்ளங்கைகள். காலணி விளிம்புக்கு வெளியே, ஈரத்தில், விரிந்த பத்து விரல்கள். அவை மெதுவாக மடங்கத் தொடங்கின.