குளிராத கார், திறக்காத டிக்கி

பதுளை. பகல் பதினொன்றரை மணி.

ஜெசிந்தினியின் ஃபோன் அலறியது.

"மேடம்... என்னைய கொல்லப் பாக்குறாங்க."

"பொலிஸுக்கு சொன்னீங்களா?"

"சார்ஜண்ட் பக்கத்துலதான் இருக்காரு. நீங்க கார பாக்கணும். ஏசி குளிரல."

ஜெசிந்தினி ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். மின்சாரக் கார்களுக்கென்று கராஜ் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கொலை முயற்சியைப் பழுது பார்க்கச் சொல்லி வந்த முதல் அழைப்பு இதுதான்.

பத்தாவது நிமிடம்.

வெள்ளைக் கார் ஒன்று சத்தமே இல்லாமல் உள்ளே நுழைந்தது.

பின் சீட்டிலிருந்து கஜேந்திரன் இறங்கினார். செம்மலைத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பின்னாலேயே சார்ஜண்ட் ஷுக்ரி, தொப்பியால் விசிறிக்கொண்டு. ஸ்டீயரிங்கில் டிரைவர் கந்தப்பன். முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா இப்பிடித்தான்," என்றார் கஜேந்திரன். "நேத்து மொனராகலை கூட்டத்துக்குப் போறப்ப மயக்கமே வந்துருச்சு. எதிர்ச் சங்கத்துக்காரன் வேலை. என்னைய அவிச்சே கொல்லப் பாக்குறான்."

"கண்ணாடிய எறக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"எறக்குனா ஜனங்க மனுவ நீட்டுறாங்க மேடம்."

ஜனங்களுக்குக் காரணம் இருந்தது.

செம்மலையில் மண் சரிந்து லயத்து வீடுகளை இழந்தவை இருபத்தெட்டுக் குடும்பங்கள். ஒன்றரை வருடம் அலைந்து அவர்களுக்குப் புது நிலத்துக்கான பத்திரம், காணி உறுதி, வந்தது. விழா வைத்துக் கொடுக்கிறேன் என்று அத்தனையையும் வாங்கி வந்தவர் கஜேந்திரன்தான். விழாவுக்கு முதல் நாள் சங்க அலுவலகத்தில் களவு! உறுதிகளைக் காணோம். அங்கே காவலுக்கு இருந்த வாச்சர் ஜீவன்தான் எடுத்தான் என்று கைகாட்டினார் தலைவர். ஜீவன் ஒன்பது நாளாக ரிமாண்டில். இருபத்தெட்டுக் குடும்பங்கள் இன்னும் பள்ளிக்கூட மண்டபத்தில்.

ஜெசிந்தினி ஏசியைப் போட்டாள். பானட்டைத் தூக்கினாள்.

கம்ப்ரஸர் சன்னமாக முனகியது. முன்னால் மின்விசிறி சுற்றியது. கேஸ் அளவு சரி. ஸ்கேனரில் ஒரு குறையும் இல்லை. குழாயைத் தொட்டாள். சில்லென்று வியர்த்திருந்தது.

"குளிர் இருக்குங்க. உங்ககிட்ட வந்து சேரல."

"நம்ம நாட்டுல எல்லாமே அப்பிடித்தான்," என்றார் ஷுக்ரி.

"டிக்கிக்கு அடியில சின்ன பேட்டரி இருக்கும். எதுக்கும் அதையும் பாத்துர்றேன்."

"டிக்கிய தொடாதீங்க!"

கஜேந்திரனின் குரல் கராஜை உலுக்கியது.

ஷுக்ரி விசிறுவதை நிறுத்தினார். "ஏன் தலைவரே?"

"அது... சங்கத்துக் கொடி இருக்கு. கண்டவங்க தொடக்கூடாது."

"நான் கைய கழுவிட்டுத் தொடுறேன்," என்றார் சார்ஜண்ட்.

ஷுக்ரி டிக்கியைத் திறந்தார். மடித்த கொடி. வாடிய மாலை இரண்டு. அடிப்பலகையைத் தூக்கினார்.

சின்ன பேட்டரி. வேறொன்றுமில்லை.

எட்டிப் பார்த்த கஜேந்திரனின் முகம் வெளிறிவிட்டது. பலகையைப் பிடுங்கித் தானும் ஒரு தரம் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே. ஏன் நடுங்குறீங்க?"

"வெயில் சார்... வெயில்..."

ஜெசிந்தினி அதற்குள் முன் சீட்டுக்குப் போயிருந்தாள். விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். உள்ளே இரைச்சல். வெளியே மூச்சுக் காற்று அளவுக்குத்தான் வந்தது.

"ஃபில்டர்ல அடைப்பு."

டேஷ்போர்ட் பெட்டியைக் கழற்றினாள். ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொலித்தீன் பொதி!

"வெடிகுண்டு!" என்றார் ஷுக்ரி. அடுத்த விநாடி தூணுக்குப் பின்னால் இருந்தார்.

ஜெசிந்தினி மெல்ல இழுத்தாள். பொலித்தீனைப் பிரித்தாள். மடித்த காகிதங்கள். முத்திரைகள்.

"காணி உறுதி... செம்மலைத் தோட்டம்... தனலெட்சுமி... அந்தோனியம்மா..."

"டிக்கியில வச்சது இங்க எப்பிடி வந்துச்சு?"

கேட்டவர் கஜேந்திரன்.

தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார் தலைவர். ரொம்பத் தாமதம்.

ஷுக்ரி தூணைவிட்டு வந்தார். "யார் வச்சது?"

"சார்... களவு போனதா சொல்லிட்டு, எலெக்ஷனுக்கு மொத நாள் நானே மீட்டுக் குடுத்தா... ஜனங்க மறக்காதுன்னு..."

"அதுக்கு ஒருத்தன உள்ள தள்ளுனீங்களா?"

தலைவர் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் வேறு திசையிலிருந்து வந்தது.

"இடத்த மாத்தி வச்சவன் நான்தாங்க."

கந்தப்பன்.

"ஜீவன் என் தங்கச்சி புருஷன் சார். டிக்கிய கழுவுறப்ப இத கண்டேன். நான் ஸ்டேஷனுக்குக் கொண்டாந்தா, ஜீவன் எடுத்துக் குடுத்தான்னு சொல்லி என்னையும் சேத்துப் பிடிப்பீங்க."

ஷுக்ரி மறுக்கவில்லை.

"ஐயாவுக்கு ஏசி இல்லாம இருக்க முடியாது. கொலைன்னு பயந்து பொலிஸ இவரே கூட்டியாருவாருன்னு நெனச்சேன். மூணு நாளாச்சு. நானும்தான் கூடவே வெந்தேன்."

"நன்றி கெட்டவனே..." என்றார் கஜேந்திரன். குரலில் பலமில்லை.

ஜெசிந்தினி புது ஃபில்டரைப் போட்டாள். குளிர்காற்று குபுகுபுவென்று வந்தது. கந்தப்பன் அதற்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு ஃபோனை எடுத்தார். "தங்கச்சி..." என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷுக்ரி தலைவரை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் குறிப்பேட்டை விரித்தார்.

"மேடம், என்ன பழுதுன்னு எழுதிக்கட்டும்?"

"அழுக்கு அடைப்பு சார். நான் வெளிய எடுத்துட்டேன். நீங்க உள்ள போட்டுருங்க."