மூணு பேர்தான்

வரவேற்பு மேசைப் பெண் அட்டையை வாங்கிப் பார்த்து, வந்தவர்களை ஒரு முறை கண்ணால் அளந்துவிட்டு, கணினியில் 'நான்கு' என்று தட்டினாள். வந்திருந்தது மூன்று பேர். டீச்சர், அவள் கணவன், ஆறு வயது மகள் குட்டி.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் முப்பத்தெட்டையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவருகிறவளுக்குத் தலை எண்ணிக்கை தப்பினால் சோறு இறங்காது. ஆனால் விமானம் மூன்று மணி நேரம் தாமதம், கணவன் காலையிலிருந்து கைபேசியை விட்டுத் தலை தூக்கவில்லை, குட்டி பசி பசி என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று உள்ளே நடந்தாள்.

விமான நிலையத்து லவுஞ்ச் என்று பெயர்தான் பெரிது. நீளமான அறை, பட்டப்பகலிலும் மங்கிய மஞ்சள் விளக்கு, மூலையில் காபி இயந்திரம் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் அரைத்துக்கொண்டே இருக்க, யாரோ கரண்டியால் தட்டைச் சுரண்டும் ஓசை எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் கம்பளத்தின் மேல் ஊர்ந்து வந்தது. கோடியில் ஒரு கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் விமானத்துக்குப் போகும் நடைபாதை. பக்கத்துக் கதவில், வெளியே போனால் திரும்ப வர முடியாது என்று எழுதியிருந்தது. அந்தக் கோடியில்தான் இடம் கிடைத்தது.

மேசையில் நான்கு தட்டுகள் வந்தன. நாலாவது எதற்கு என்று கேட்டதற்கு, பரிமாறுகிறவர் காலி நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார், அதன் முன்னால் தட்டை நேராக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவனிடம் சொன்னால், ஒரு தட்டுக்குப் போய் இவ்வளவா என்கிறான். பத்து நாள் விடுமுறையில் சமையல், துணி, பெட்டி அடுக்குவது எல்லாம் அவள் தலையில். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஈரமும் பழந்துணியும் கலந்த வாசனை. அவர்கள் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டில் ஓர் உள்ளறை பத்து நாளும் பூட்டியே கிடந்தது, அதன் கதவிடுக்கில் வந்த அதே வாசனை. பெட்டியில் ஏறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

குட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தொப்பி வைத்த மஞ்சள் ஸ்வெட்டர் நாலாவது நாற்காலியில் கிடந்தது. கிடந்தது என்றும் சொல்ல முடியாது. முதுகு நிமிர்ந்து இருந்தது.

"ஸ்வெட்டரை ஏன்டி கழட்டினே?"

"அவளுக்குக் குளிருதாம். குடுத்துட்டேன்."

"எவளுக்கு?"

குட்டி ரொட்டியைப் பிய்த்தாள். "நீதானேம்மா கூப்பிட்டே. வீட்டைப் பூட்டறப்போ."

டீச்சருக்கு நினைவு வந்தது. காலையில் அப்பாவும் மகளும் காரில் ஏறிவிட்டது தெரியாமல், வாசலில் நின்று எரிச்சலில் கத்தியிருந்தாள்: உள்ளே யார் இருந்தாலும் வந்து சேருங்க, பூட்டப் போறேன். தினமும் சாயங்காலம் வகுப்பறையைப் பூட்டும்போது சொல்கிற அதே வார்த்தைகள், பழக்க தோஷம். உள்ளே எங்கோ ஒரு கதவு திறந்த சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தாள்.

அவள் பயந்தாள். பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். விடுவிடுவென்று வரவேற்பு மேசைக்குப் போனாள்.

"நாங்க மூணு பேர்தான். மாத்துங்க."

அந்தப் பெண் நிதானமாகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுக்குங்க மேடம். மூணுன்னு போட்டா, கதவு மூணு பேரைத்தான் வெளிய விடும்."

"எனக்கு எண்ணத் தெரியும்," என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் ஒரு விசையை அழுத்தினாள். கரண்டிச் சுரண்டல் நின்றது.

உடனே கடைசி அழைப்பு. மூன்று மணி நேரம் காக்க வைத்துவிட்டு இப்போது ஓடு ஓடு என்கிறார்கள். கணவன் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். அவள் மேசைக்கு ஓடினாள். பையைத் தோளில் மாட்டினாள். குட்டியின் நாற்காலி காலி. மஞ்சள் ஸ்வெட்டர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றது. ஒரு வழியாகப் போட்டுக்கொண்டாளே என்று கையைப் பற்றி நடந்தாள்.

கதவு ஒவ்வொருவருக்கும் ஒரு முறை ஒலித்தது. கணவன், ஒன்று. அவள், இரண்டு. மஞ்சள் ஸ்வெட்டர், மூன்று. கதவு பின்னால் மூடியது.

"மூணு பேரும் வந்தாச்சுல்ல?" என்று கணவன் திரும்பாமலே கேட்டான்.

"வந்தாச்சு."

நாலு எட்டு நடந்தாள். கை சில்லென்று இருந்தது. ஈரம். விரல்கள் நீளம்.

அந்த வாசனை.

நின்றாள். கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது.

கண்ணாடிச் சுவர். உள்ளே குட்டி. ஸ்வெட்டர் இல்லாமல், மெல்லிய கவுனில், இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்துகொண்டு. வாய் அம்மா என்று திறந்தது, மூடியது, திறந்தது. ஒரு சத்தமும் இல்லை.

அவள் கையை உதறினாள். பிடி இறுகியது.

"பூட்டியாச்சாம்மா?" என்று தொப்பிக்குள்ளிருந்து குட்டியின் குரல் கேட்டது.

உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. கடைசி விளக்கும் போன பிறகு, கண்ணாடியில் இரண்டு சின்ன உள்ளங்கைகள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன.