அறிவேற்றி இல்லாத பல்கலைக்கழகம்

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும், மேடம். ஆய்வுக் குழு கிளம்பினதும் லாரியில ஏத்தி அனுப்பிடலாம். எல்லாக் காலேஜும் இதைத்தானே பண்ணுது!” என்று கெஞ்சினார் பதிவாளர் தவசிமுத்து.

வாசலில் நாற்பது அறிவேற்றிகள் வாடகைக்கு வந்து இறங்கியிருந்தன. தலையில் மாட்டினால் எட்டே நிமிடம். யாரோ ஒரு பேராசிரியரின் மூளைப் பதிவு அப்படியே உள்ளே இறங்கிவிடும். இப்போதெல்லாம் படிப்பு என்றால் அவ்வளவுதான்.

“திருப்பி அனுப்புங்க. பொய் சொல்லி வாங்குற அங்கீகாரம் எனக்கெதுக்கு?” என்றார் மங்கையர்க்கரசி.

புத்தகமும் கேள்வியுமாக நான்கு வருடம் படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றை ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே கட்டிவிட்டு, மூன்றாவது முறையாக அவர் விண்ணப்பித்திருந்தார். இதுதான் கடைசி வாய்ப்பு. பட்டம் கிடைக்குமா என்று தெரியாமலே முப்பத்திரண்டு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். என்ன துணிச்சல்!

ஆய்வுக் குழுவில் மூன்று பேர். அறிவேற்றிக் கூடம் இல்லை என்றதுமே தலைவர் ஆரம்பித்துவிட்டார்.

“விதி பதினான்கு.” தொண்டையை இருமுறை செருமிக்கொண்டார். “மாணவருக்கு ஓர் அறிவேற்றி இல்லாத இடம் பல்கலைக்கழகமே அல்ல.”

அவர் செருமிய அதே நொடியில் மற்ற இருவரும் இருமுறை செருமினார்கள். மங்கையர்க்கரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தலைவருடையது அல்ல, மங்கையர்க்கரசியின் சொந்தச் செருமல். இருபது வருடத்துக்கு முன் கல்வி விதிகளை எழுதிய கையோடு, ஆய்வாளர்களுக்காகத் தன் மூளையைப் பதிவு செய்யக் கொடுத்திருந்தார். அன்று அவருக்கு நல்ல சளி.

“ஐயா, அந்த விதியை எழுதினதே நான்தான். தப்பா எழுதிட்டேன். அப்புறம் மனசு மாறிட்டேன்.”

“பதிவில் அப்படி இல்லையே, அம்மா.”

“எப்படி இருக்கும்? அதுக்கப்புறம்தானே நான் யோசிச்சேன்!”

அவர் வைத்த ஒவ்வொரு வாதத்துக்கும் மூவரிடமும் பதில் இருந்தது. எல்லாம் ஒரு காலத்தில் அவரே சொன்ன பதில்கள். நல்ல பதில்கள் வேறு, எரிச்சலாக வந்தது. கடைசியில் தலைவர் நிராகரிப்புக் கடிதத்தை எழுதி நீட்டினார். முதல் வரியே விதி பதினான்கு. கையெழுத்துகூட மங்கையர்க்கரசியுடையதுதான், அதே வலப்பக்கச் சாய்வு.

“எல்லாம் முடிஞ்சுதா, மேடம்?” என்று கேட்டார் தவசிமுத்து.

“பல்கலைக்கழகம் முடிஞ்சுது. பெயர்ப்பலகையை இறக்கிடுங்க. வகுப்பு நடக்கும். எவன் தடுக்கிறான்னு பார்த்துடலாம்.”

கடிதத்தோடு நேராக வகுப்புக்குள் போய், அதைக் கரும்பலகையில் ஒட்டினார்.

“இதுல எத்தனை தப்பு இருக்குன்னு கண்டுபிடிங்க. தயவுதாட்சண்யம் வேண்டாம். இதை எழுதினவ நான்தான்.”

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“முதல் வரியிலேயே இருக்கு, மேடம்.”

மங்கையர்க்கரசி சிரித்துவிட்டார். வாசலில் கிளம்ப நின்ற மூவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

“எங்கே, சத்தமா சொல்லு.”