காயாத சுவர்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குச் சுவரைப் பூச வேண்டும், ஆனால் பூசாத மாதிரி தெரிய வேண்டுமாம். வெறும் சிமென்ட் நிறத்தில், திட்டுத் திட்டாக, கட்டி முடிக்காத கிடங்கு போல இருந்தால்தான் அழகாம். நாற்பது வருடம் சுவரை வழவழவென்று ஆக்கியவன், வயதான காலத்தில் அதை அழுக்காக்கக் கற்றுக்கொண்டேன். கேட்கிறார்கள், செய்கிறேன்.

நான் அப்படிப் பூசிக்கொடுத்த ஒரு பதினாலாம் மாடி வீட்டு மருமகளுக்கு வீடுகளை அலங்கரிப்பதுதான் தொழில். தன் வீட்டையே மாதிரியாகக் காட்டுவதற்கு நடுச்சுவர்களை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கினாள். அதில் மாமியாரின் அறையும் போயிற்று.

"எனக்கென்ன, ஒரு மூலை போதும்" என்று அந்த அம்மாள் சிமென்ட் சுவரோரம் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டாள். ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். கேட்டு வாங்கும் பழக்கம் கிடையாது.

பத்திரிகைக்குப் படம் எடுக்க வருவதற்கு முந்தைய நாள் காலையில் என்னை அவசரமாக அழைத்தார்கள். போனால், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கறுப்பாகப் பெரிய கறை.

"பாருங்க மேஸ்திரி! தலையில எண்ணெய வழிய வழிய வச்சுக்கிட்டு... சாயாதீங்க அத்தை, சாயாதீங்க அத்தைன்னு நூறு தடவ சொல்லிட்டேன்! சுவர் என்ன தலகாணியா?" என்றாள் மருமகள்.

"தப்புதாம்மா... தூக்கத்துல சாய்ஞ்சிருப்பேன்..."

"இனிமே சரிப்படாது! இன்னைக்கே முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள் கணவனிடம். அவன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் சுவரைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள், "தண்ணி குடிக்க வாங்க மேஸ்திரி" என்று அடுப்படிப் பக்கம் கூப்பிட்டாள். சுவரில்லாத வீட்டில் ரகசியத்துக்கு இடம் ஏது? குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் பேசினாள்.

"பூச்சு நடந்த அன்னைக்கு என் மகன் உங்ககிட்ட சொன்னத நானும் கேட்டேன்... சொல்லிடாதீங்க. ஏற்கனவே ரெண்டு பேருக்கும் பேச்சு சரியில்ல. நான் போனா ஒரு ஆள்தான் போறேன்... அவ கோவிச்சுக்கிட்டுப் போனா குடும்பமே போயிடும்!"

எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. ஸ்டூலில் ஏறிக் கூரையை ஒட்டின இடத்தைக் காட்டினேன்.

"இங்கயும் அதே கறை இருக்கு பாருங்கம்மா. உங்க மாமியார் ஏணி வச்சு ஏறித் தலை சாய்ச்சாங்களா?"

மருமகள் அண்ணாந்து பார்த்தாள்.

"இது உள் ஈரம். பூச்சு பத்து நாள் காயணும். நீங்க ஊர்ல இல்லாதப்போ நாலாம் நாளே மேல்பூச்சு அடிச்சாச்சு. அடிச்சவன் நான். அடிக்கச் சொன்னவர் உங்க வீட்டுக்காரர்."

"நீங்களா...?" அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுமா பெத்த அம்மாவ நான் திட்டத் திட்ட நின்னீங்க?"

"நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னுதான்... அப்புறம் சொன்னா நீ கத்துவேன்னு..."

"அத்தை!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "ஏன் அத்தை வாயே திறக்கல... பாவி நான், என்னென்ன பேசிட்டேன்!"

"நீங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தா போதும்மா... எனக்கு வேற என்ன வேணும்!"

மகன் அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதான். மூன்று பேரும் அழுதார்கள். நானும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு மருமகள் கண்ணைத் துடைத்தாள். சுவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"கறைக்கு முன்னால பெரிய செடி ஒண்ணு வச்சா மறைஞ்சிடும்... ஆனா கட்டில் இருந்தா செடிக்கு இடமில்ல அத்தை. ஒரே ஒரு வாரம் மட்டும் அந்த இல்லத்துல இருக்கீங்களா? படம் எடுத்து முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டு வரேன். சத்தியமா!"

"அதுக்கென்னம்மா..." என்றாள் அந்த அம்மாள். குனிந்து தானே கட்டிலை மடக்கினாள். மகன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

"லிஃப்ட்ல எங்ககூட வாங்க மேஸ்திரி" என்றார்கள். வேண்டாம் என்று பூச்சுக் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். நாளைக்கு எடுக்கிற படத்துக்கு ஒரு வாரமாம். சத்தியமாம். பதினாலு மாடி இறங்கியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.