தொண்ணூற்றொன்பதாம் கொக்கி

பொடிசுவின் அப்பா பஸ் கண்டக்டர். கூட்டத்தில் யார் கை யார் பைக்குள் போகிறது என்பதை முதுகாலேயே பார்த்துவிடுவார் என்று டிப்போவில் பேர் வாங்கியவர். அம்மா தையல்காரர். அவர் போட்ட தையலைப் பிரிக்கப் போனால் துணிதான் கிழியும், நூல் அறாது.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு, தையல் மெஷின் கம்பெனிக் குலுக்கலில் முதல் பரிசாக வெளிநாட்டுப் பயணம் விழுந்தால் என்ன ஆகும்? ஊரைப் பார்ப்பதா, பாஸ்போர்ட்டைப் பார்ப்பதா என்று ஆகிவிடும்!

அந்தப் பெரிய நகரத்தில் இறங்கி, ஹோட்டல் அறைக்குள் கால் வைத்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"கைப்பையில வேண்டாம். பிளேடு போட்டுடுவான். இடுப்புப் பையும் வேண்டாம். 'இங்கதான் இருக்கேன், வா'ன்னு அதுவே கூப்பிடும்."

"அப்ப என்கிட்ட விடுங்க," என்றார் அம்மா.

அப்பாவின் கறுப்புக் கோட்டின் உள்துணியைப் பிரித்தார். முதுகுப் பக்கத்தில் மூன்று பாஸ்போர்ட்டையும் வைத்து மூடினார். சுற்றிலும் இரட்டைத் தையல். "இனிமே ஊருக்குத் திரும்புற அன்னிக்குத்தான் பிரிப்பேன்," என்று பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தார்.

நான்கு நாள் ஒரு குறையும் இல்லை. வெளியே குளிர், உள்ளே புழுக்கம். அப்பா வியர்த்து வழிந்தாலும் கோட்டை மட்டும் கழற்றவில்லை.

கடைசி நாள் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். கனமான கோட்டுகளை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்றார் காவலாளி.

"இது கோட்டு இல்ல சார், எங்க பீரோ!" என்று அப்பா கெஞ்சினார். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. கோட்டு வைக்கிற கவுண்டரை நோக்கிக் கையை நீட்டினார், அவ்வளவுதான்.

கவுண்டரில் இருந்த அக்கா கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒரு வட்டமான பித்தளை வில்லையைக் கொடுத்தார். அதில் எண் 99. அப்பா நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

மாலை நாலரைக்குத் திரும்பி வந்து வில்லையை நீட்டினார்கள். அக்கா உள்ளே போனார். வெறுங்கையோடு வந்தார். தொண்ணூற்றொன்பதாம் கொக்கி காலியாக இருந்தது.

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. "போச்சு! எவனோ அடிச்சுட்டான்! நாளைக்குக் காலையில பிளேன். பாஸ்போர்ட் இல்லாம எப்படிப் போறது?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு வீட்டுக்குப் போகமுடியாது என்பதைப் பொடிசுவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

அப்போது டை கட்டிய ஓர் ஆள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசினார். பள்ளிக்கூடத்தில் கற்றிருந்ததால் பொடிசுவுக்கு நன்றாகவே புரிந்தது.

"கோட்டைக் காணோமா? எடுத்துக்கிட்டு ஓடினவனை நான் பார்த்தேன். வாசல்ல என் கார் நிக்குது. சீக்கிரம் வாங்க, பிடிச்சிடலாம்!"

அவள் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா கிளம்பிவிட்டார். "கடவுள் மாதிரி வந்தார்! பொடிசு, நீ அம்மாவோட இங்கயே நில்லு!"

முன்பின் தெரியாத ஊர். முன்பின் தெரியாத கார். பொடிசு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரு நிமிஷம் இருங்க. சார், அவன் எடுத்துட்டுப் போன கோட்டு என்ன நிறம்?"

அந்த ஆள் கண்ணை இரண்டு தடவை சிமிட்டினார். "அது... பழுப்பு. ஆமா, பழுப்பு நிறம்."

"எங்க அப்பா கோட்டு கறுப்பு," என்றாள் பொடிசு.

அவ்வளவுதான். காவலாளி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் டை ஆசாமி மாயமாகிவிட்டார்!

"பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு," என்று அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நானே இவன் வண்டியில ஏறியிருப்பேனே!"

பொடிசு கவுண்டரில் கிடந்த வில்லையை எடுத்தாள். எடுத்த அவசரத்தில் அது விரலிடுக்கில் புரண்டு தலைகீழானது. அவள் கண் விரிந்தது.

"அக்கா, அறுபத்தாறாம் கொக்கியைக் கொஞ்சம் பாருங்களேன்!"

அங்கே ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. ஆனால் அப்பாவுடையது இல்லை, அதைவிடப் பெரியது.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அறுபத்தாறைத் தலைகீழா வாங்கி, உங்க கோட்டைத் தூக்கிக் கொடுத்துட்டேன் போலிருக்கே! இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடி."

பொடிசு அதைத் தமிழில் சொன்னதும், "அவருக்குமா தெரியலை?" என்றார் அம்மா எழுந்து நின்று.

அக்கா அந்தக் கோட்டின் பையில் கைவிட்டார். உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. பாட்டில் அடிப்பாகம்போலத் தடித்த கண்ணாடி.

"ஐயோ பாவம்!" என்றாள் பொடிசு. "இது இல்லாம அந்த மாமாவுக்கு எப்படித் தெரியும்? எங்க போய் முட்டிக்கிட்டு நிக்கிறாரோ!"

"கோட்டு மாறிப்போச்சுன்னு மைக்கில சொல்றேன்," என்று அக்கா பரபரப்பாக எழுந்தார்.

பொடிசு கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாம்க்கா. போட்டிருக்கிறது தன் கோட்டுன்னுதானே அவர் நினைச்சுக்கிட்டிருக்கார்? யாருக்கோ சொல்றாங்கன்னு போய்க்கிட்டே இருப்பார். மூக்குக்கண்ணாடி கிடைச்சிருக்குன்னு சொல்லுங்க. கண்ணாடி போடுறவங்க எல்லாரும் உடனே தொட்டுப் பார்ப்பாங்க."

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார். கட்டடம் முழுக்க, வெளிமுற்றம்வரை அந்தக் குரல் கேட்டது. "ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்திருக்கிறது. தொலைத்தவர் கோட்டுக் கவுண்டருக்கு வரவும்."

வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரின் கை சட்டென்று முகத்துக்குப் போனது. மூக்கின்மேல் கண்ணாடி இருக்கும்போதே அம்மாவும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்!

ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. கடிகாரத்தில் நாலு ஐம்பது. ஐந்து மணிக்குக் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள். அப்பா பத்து விரல் நகத்தையும் கடித்து முடித்துவிட்டார்.

வாசற்கதவு திறந்தது. மலைபோல ஒருவர் கையால் துழாவிக்கொண்டே உள்ளே வந்தார். அப்பாவின் கறுப்புக் கோட்டு அவர் தொப்பைக்கு மேலேயே நின்றுவிட்டது. ஒரு பொத்தான்கூடப் போட முடியவில்லை.

"என் கண்ணாடியா?" என்று மூச்சு வாங்கினார். "இங்க நடந்த கச்சேரியைக் கேட்கக் கண்ணாடி எதுக்குன்னு கோட்டுப் பையிலயே விட்டிருந்தேன். ஸ்டேஷனுக்குப் போக டாக்சியில ஒரு காலை வச்சுட்டேன். மைக் சத்தம் கேட்டுப் பையைத் தொட்டா, கண்ணாடி இல்லை!"

பொடிசு ஓடிப்போய்க் கண்ணாடியை அவர் கையில் வைத்தாள். அவர் மாட்டிக்கொண்டு முதலில் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார்.

"அட! இது என் கோட்டே இல்லையே! இந்த ஊர்ச் சாப்பாட்டுல உடம்பு போட்டுடுச்சுன்னுல்ல நினைச்சேன்! முதுகுல வேற என்னமோ பலகை மாதிரி இடிச்சுக்கிட்டே இருந்தது."

பொடிசு மொழிபெயர்த்ததும் அம்மா ஓவென்று சிரித்துவிட்டார். "அந்தப் பலகைதாங்க எங்க உயிர்!"

அக்கா கத்தரிக்கோல் கொடுத்தார். அம்மா தன் தையலோடு தானே மல்லுக்கட்டினார். "இப்படியா தைப்பா ஒருத்தி!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒருவழியாக நூல் விட்டது. பாஸ்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வர, பஸ்ஸில் தலை எண்ணுகிற குரலில் அப்பா எண்ணினார்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். காவலாளி விசில் ஊதியே விட்டார். மலை மாமா பொடிசுவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். அங்கிருந்து பார்த்தபோது அந்த மண்டபமே அவளுக்குத் தன்னுடையதுபோல இருந்தது.

மறுநாள் காலை விமான நிலையத்தில் அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினார். பொடிசுவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்பாவிடம் சைகையோடு சொன்னார்.

"உள்ளே கூட்டம் அதிகம். சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்துப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்."

பொடிசு அதைத் தமிழில் சொன்னாள். அப்பா நிமிர்ந்து நின்றார்.

"சார்கிட்ட நல்லாச் சொல்லு பொடிசு, எங்க ரெண்டு பேரையும் பத்திரமாக் கூட்டிக்கிட்டுப் போறதே நீதான்னு!"