இடது கால் சீட்டு

போன் அலறியது.

காலை ஒன்பது மணி. ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி, ஒற்றை டம்ளர் இருந்த அந்த அறையில், அந்த ஒற்றை டம்ளரை உதட்டில் வைத்திருந்தவன் திரையைப் பார்த்தான்.

'ராங் நம்பர்.'

அந்தப் பெயரில் அவன் பதிந்து வைத்திருந்தது, பெற்ற தாயை.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேம்மா."

"சரி. வெக்கறேன்."

பதினொரு விநாடி. வாரத்துக்கு ஒரு முறை. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

துப்பறியும் தொழில் என்பதால் அவனுக்கு வக்கீலம்மா வைத்த பெயர் துப்பு. வேலை சொதப்பினால் பின்னால் 'கெட்டவன்' சேரும். தன் பிறப்பைப் பற்றி மட்டும் அவன் ஏழு வயதிலேயே துப்பறிந்து முடித்துவிட்டான். இந்தம்மா என் அம்மா இல்லை. எங்கேயோ ஆள் மாறிவிட்டது. ஆறு வயதில் விடுதியில் சேர்த்தாள். தலையை ஒரு தடவை கூடக் கோதியதில்லை. காய்ச்சல் வந்தால் மருந்து தருவாள்... பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தருவது போல.

ஆதாரம்தான் இல்லை.

போன் மறுபடி அலறியது. இந்தத் தடவை வக்கீலம்மா.

"துப்பு, நம்ம சாட்சி போய்ட்டாங்க."

"எங்க போனாங்க?"

"எல்லாரும் கடைசியா போற எடத்துக்கு. உடனே கிளம்பி வா."

*

மாடிப்படியின் அடியில் பெரிய ஆயா கிடந்தாள்.

முப்பது வருடம் பிரசவ ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டிய கைகள். ஒன்று உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. இன்னொன்று இறுக மூடியிருந்தது.

"வழுக்கி விழுந்திருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வழுக்கி விழறவங்க கைப்பிடியைப் பிடிப்பாங்க சார். இந்தம்மா எதையோ கசக்கிப் பிடிச்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் அவனை முறைத்தார். பிறகு, முறைத்தது வேறு யாரோ என்பது போலக் குனிந்து அந்த விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தார்.

வக்கீலம்மா அவனை ஓரமாக இழுத்தாள்.

"நேத்து கேஸ் கட்டு அனுப்பினேனே, படிச்சியா?"

"அட்டை நல்லா இருந்துச்சு."

"நாசமாப் போச்சு. கேளு. குழந்தை யாருக்குன்னு வழக்கு. ரெண்டு அம்மா, ஒரு குழந்தை."

"குழந்தைக்கு என்ன வயசு?"

"இருபத்தொன்பது. பல் டாக்டர். லேசா தொப்பை."

துப்பு வாயைத் திறந்தான்.

"மூடு. வளர்த்த அம்மா ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். விட மாட்டேங்கறாங்க. நம்ம கட்சிக்காரம்மா வளர்த்த பையன் போன வருஷம் பைக்ல அடிபட்டு இறந்துட்டான். ரத்தம் ஏத்தறதுக்கு டெஸ்ட் பண்ணப்போதான் தெரிஞ்சுது, அது அவங்க பெத்த பிள்ளையே இல்லன்னு. அதே ஆஸ்பத்திரியில அதே நாள் பொறந்தவங்களைத் தேடிப் போனா, அந்தப் பல் டாக்டர் மூஞ்சி அப்படியே நம்ம கட்சிக்காரம்மா வீட்டுக்காரர் மூஞ்சி."

"டி.என்.ஏ. எடுத்தா அரை நாள்ல முடிஞ்சுது."

"டாக்டர் எச்சில் குடுக்க மாட்டேங்கறார்."

"ஊர் எச்சில் எல்லாம் பாக்கறவருக்கு, சொந்த எச்சில் மட்டும் ரகசியமா?"

"குழந்தை மாறினதுக்கு முதல்ல சாட்சி கொண்டு வாங்க, அப்புறம் உத்தரவு போடறேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார். இந்தம்மா பழைய பதிவேட்டோட வந்து சொல்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. போன வாரம்தான் சாட்சிப் பட்டியல் எதிர்த்தரப்புக்குப் போச்சு."

"இந்த வாரம் சாட்சி படிக்கட்டுக்குப் போச்சு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். அவர் விரல்களுக்கு நடுவில் பழுப்பேறிய ஒரு காகிதத் துணுக்கு. பதிவேட்டுத் தாளின் ஓரம். மிச்சத் தாள் கிழித்தவர் கையோடு போயிருந்தது.

அதில் ஒரு தேதி. ஒரு பெண்ணின் பெயர். பக்கத்தில், 'தையல்காரர் மனைவி. ஆண் குழந்தை.'

துப்பு தேதியைப் படித்தான். அவன் பிறந்த நாள்.

பெயரைப் படித்தான்.

ராங் நம்பர்.

அவன் அப்பா தையல்காரர்தான். அவனுக்கு மூன்று வயது ஆனபோது இறந்துபோனார். அளவெடுக்காத ஒரே சட்டை இவனுக்குத் தைத்ததுதான் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"வக்கீலம்மா... அன்னிக்குக் குழந்தைங்க மாறிச்சுன்னா, இந்தக் குழந்தையும் மாறியிருக்குமா?"

"அதைச் சொல்ல இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கு. அன்னிக்கு இவங்களோட வேலை பார்த்த சின்ன ஆயா. இடது கைக்காரம்மா. நல்லவேளை, அவங்க பேரைப் பட்டியல்ல போடல. லாண்டரியில இருக்காங்களாம். கொன்னவங்க மோப்பம் பிடிக்கறதுக்குள்ள நீ போயாகணும்."

அவன் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தான்.

ஒரு பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டதற்காக அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

எங்கேயோ ஒரு வீடு. அங்கே ஒரு அம்மா. பன்னிரண்டாவது விநாடியிலும் போனை வைக்காத அம்மா.

*

லாண்டரியில் ஆவி பறந்துகொண்டிருந்தது; இஸ்திரி மெஷின் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வைகள், ஓட்டல் துண்டுகள், மலை மலையாக. மலைகளுக்கு நடுவில் சின்ன ஆயா இடது கையால் இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆயா செத்த செய்தியைச் சொன்னான். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சு தம்பி. சாகறதுக்குள்ள ரெண்டு பேரும் இதை யார்கிட்டயாவது சொல்லிடணும்னு. அது முந்திக்கிச்சு."

"என்கிட்ட சொல்லுங்கம்மா."

"உனக்கு என்னப்பா அவ்ளோ அவசரம்?"

"அன்னிக்குப் பொறந்ததுல ஒண்ணு நான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வளர்ந்துட்ட," என்றாள்.

எழுந்து ஐந்து துண்டுகளை மடித்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஜன்னல் பக்கத்திலிருந்து கதவுப் பக்கம் வரை.

"அன்னிக்கு அஞ்சும் ஆம்பளப் பிள்ளைங்க. ஒரு பொண்ணு இருந்திருந்தாகூட உடனே தெரிஞ்சிருக்கும். கட்டில் நம்பர்படி ஜன்னல்ல இருந்து படுக்க வெப்போம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கால்ல நம்பர் சீட்டு கட்டியிருக்கும். தண்ணி பட்டா மை அழிஞ்சிடும். அதனால அக்கா சீட்டை அவுத்துத் தட்டுல வரிசையா வெச்சுட்டு, குளிப்பாட்டிட்டு, மறுபடி கட்டும். எப்பவும் ஜன்னல் பக்கத்துல இருந்துதான் ஆரம்பிக்கும்."

"அன்னிக்கு?"

"குளிப்பாட்டி முடிச்ச நேரம் பிரசவ ரூம்ல மணி அடிச்சுது. நீ கட்டிடுன்னு சொல்லிட்டு அக்கா ஓடிருச்சு. நான் பீச்சாங்கை. எனக்குக் கதவுப் பக்கம்தான் தோது."

துணி மாட்டும் கிளிப்புகளை எடுத்தாள். ஒன்றாம் கிளிப்பைக் கதவுப் பக்கத்துக் கடைசித் துண்டில் மாட்டினாள். இரண்டாவதை அதற்கு முந்திய துண்டில்.

"இப்படியே கட்டிட்டு வந்தேன். அக்கா எப்பவும் வலது கால்ல கட்டும். நான் எல்லாத்தையும் இடது கால்ல கட்டிட்டேன். மறுநாள் அக்கா அதைப் பார்த்துட்டு, எந்தப் பக்கத்துல இருந்துடி ஆரம்பிச்சேன்னு கேட்டுச்சு. அப்பத்தான் உறைச்சுது. அதுக்குள்ள எல்லா அம்மாவும் பால் குடுத்து ஒரு நாள் ஆச்சு. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டோம்."

"அப்ப எல்லாரும் மாறிட்டாங்களா?"

"எல்லாம் தலைகீழாப் போச்சு தம்பி."

எனக்கு அப்பவே தெரியும் என்று ஏழு வயதுப் பையன் ஒருவன் துப்புவுக்குள் குதித்தான்.

மூன்றாவது கிளிப்பை எடுக்க ஆயா கையை நீட்டினாள்...

"போதும். வகுப்பு முடிஞ்சுது."

போர்வை மலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். வெள்ளை முடி, விறைப்பான புடவை, தோளில் கைப்பை. ஹெட்மிஸ்ட்ரஸ் என்று யாரும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவன் கை தானாகச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தது.

"ஆயா வீட்டு வாசல்ல இருந்து உன் பின்னாலதான் வரேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல. நீயெல்லாம் ஒரு டிடெக்டிவ்."

"பாஸ் மார்க்காவது போடுங்க டீச்சர்."

"இந்தம்மா கோர்ட்டுக்கு வரக் கூடாது. எங்க வீட்டுக்காரர் போய்ட்டார். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அந்த அஞ்சு பேர்ல யாரு யாருன்னு கிளற உங்களுக்கெல்லாம் என்ன உரிமை?"

துப்பு மெதுவாகக் கேட்டான்.

"வழக்குல ரெண்டு குழந்தைதானே டீச்சர். அஞ்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"இப்ப இவங்கதானே..."

"இவங்க சொல்றப்போ இஸ்திரி மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. பக்கத்துல நின்ன எனக்கே பாதிதான் கேட்டுச்சு. அஞ்சு பேரும் இருக்கற தாள் இப்ப ஒரே இடத்துலதான் இருக்கு."

அவள் கை கைப்பையை அணைத்தது. அது போதுமானதாக இருந்தது.

"தாளைத்தான் கேட்டேன்," என்றாள் அவள். குரலில் இருந்த பிரம்பு முறிந்திருந்தது. "குடுத்திருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன். இழுத்தா... நானும் இழுத்தேன்."

சட்டென்று கை பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் ஓர் ஊசி. பல் பிடுங்குமுன் மரத்துப்போகப் போடும் மருந்து, ஒரு யானைக்குப் போதுமான அளவு. மகனின் கிளினிக்கிலிருந்து எடுத்தது.

ஆயாவை நோக்கிப் பாய்ந்தாள்.

ஆயாவின் இடது கை அதைவிட வேகமாக இருந்தது. ஈரப் போர்வை ஒன்று பறந்து ஹெட்மிஸ்ட்ரஸை முழுசாக மூடியது. ஊசி தரையில் உருண்டது. துப்பு அதைக் காலால் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டான்.

போர்வைக்குள்ளிருந்து அழுகை கேட்டது.

*

ஜீப்பும் வக்கீலம்மாவும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

துப்பு பையிலிருந்த கிழிந்த தாளையும், இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த துணுக்கையும் மேஜைமேல் ஒட்ட வைத்தான். இடது பக்கம் கட்டில் நம்பர். நடுவில் பெயர்.

"ஒண்ணாம் கட்டில், டீச்சர் நீங்க. அஞ்சாம் கட்டில், எங்க கட்சிக்காரம்மா."

ஹெட்மிஸ்ட்ரஸ் துண்டுகளைப் பார்த்தாள். கதவுப் பக்கத்துக் கடைசித் துண்டில் ஒன்றாம் கிளிப். கணக்குப் போட அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

"அப்ப என் வீட்டுக்கு வந்தது அவங்க பையன். அவங்க வீட்டுக்குப் போனது..."

அவள் விரல் ஜன்னல் பக்கத்து முதல் துண்டில் போய் நின்றது.

"பைக்ல போனவனா?"

வக்கீலம்மா தலையசைத்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, யாரும் பிடிக்காமலே ஜீப்பில் ஏறினாள். படத்தில்கூடப் பார்த்திராத ஒரு மகனுக்காக எப்படி அழுவது என்று தெரியாத முகம்.

துப்பு மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. தாளில் விரலை வைத்துத் தேடினான். தையல்காரர் மனைவி...

மூன்றாம் கட்டில்.

மூன்றாவது கிளிப்பை எடுத்தான். கதவுப் பக்கத்திலிருந்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. நடுத் துண்டு.

ஜன்னல் பக்கத்திலிருந்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று.

அதே நடுத் துண்டு.

மறுபடி எண்ணினான். துண்டு அசையவில்லை.

"அட, ஆமா," என்றாள் சின்ன ஆயா ஆச்சரியத்தோடு. "நடுவுல இருந்தது மாறவே இல்லையே. இத்தனை வருஷமா எனக்கு இது தோணவே இல்ல பாரு. உனக்கு யோகம் தம்பி."

நாலு பேருக்கு வேறு எங்கேயோ ஒரு அம்மா இருந்தாள். அவனுக்கு மட்டும் இருந்தது ராங் நம்பர்தான்.

*

லாண்டரிக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஆளில்லை. அன்று அவனாகப் போன் செய்தான். வாழ்க்கையில் முதல் தடவை.

"என்ன ஆச்சு? அடிபட்டுட்டியா?"

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். நான் பொறந்தப்போ... என்னைக் குளிப்பாட்டிக் கொண்டு வந்து குடுத்தாங்கல்ல. அப்ப என்ன தோணுச்சு?"

பதினொரு விநாடி ஓடியது. அவள் வைக்கவில்லை.

"யார் சொன்னது உனக்கு?"

"எதை?"

"எடுத்துட்டுப் போறப்போ சீட்டு வலது கால்ல இருந்துச்சு. கொண்டு வந்தப்போ இடது கால்ல இருந்துச்சு. இது என் பிள்ளை இல்லயோன்னு கேட்டேன். நர்ஸ் சிரிச்சா. உங்கப்பா திட்டினார். அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் கேக்கல."

துப்பு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எவளோ ஒருத்தி என்னிக்காவது வாசல்ல வந்து நின்னு, என் பிள்ளையைக் குடுன்னு கேப்பான்னு இருந்தேன். ஒட்டிக்கிட்டா குடுக்க முடியாதுல்ல. அதான்... பத்திரமா வெச்சிருந்தேன். வாரா வாரம் உயிரோட இருக்கியான்னு கேட்டுக்குவேன். அவ வந்தா பதில் சொல்லணுமே."

"யாரும் வரலயா?"

"வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு போனதுதான் மிச்சம்."

"இனிமேலும் வர மாட்டாங்கம்மா. இப்பத்தான் பார்த்துட்டு வரேன். அஞ்சுல நாலு மாறிடுச்சு. ஒண்ணு மாறல. அது உங்க பிள்ளை."

ஒரு பேருந்து வந்து நின்று, யாரும் ஏறாததால் போய்விட்டது. துப்பு திரையைப் பார்த்தான். நாலு நிமிடம்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, எந்த உணர்ச்சியும் இல்லாத அதே பழைய குரல்:

"இருபத்தொன்பது வருஷம் ஆச்சே. இனிமே திருப்பி அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க, இல்ல?"

துப்பு சிரித்தான். அழுதுகொண்டே.

"இந்த நக்கல் ஒண்ணு போதும்மா... எச்சில் டெஸ்ட்டே வேண்டாம்."